தொட்டால் சிறுக்கும் ஆனை

பாறையடி விலங்கு மீட்பு மையத்துக்குப் புரட்டாசி முதல் வாரத்தில் வந்து சேர்ந்த யானைக்குட்டி நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகிறது என்கிற சங்கதி, அதற்கு வைத்தியம் பார்த்த டாக்டர் எப்சிபாவுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. ஊருக்கு அதற்கு முன்னாலேயே தெரியும், டீக்கடை முப்பிடாதிக்கு ஊருக்கும் முன்னாலேயே தெரியும், தெரிந்தும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா பிற்பாடு தொண்டை கிழியக் கேட்டபோது, "இதுல சொல்லுததுக்கு என்ன இருக்கு, நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருக்கிய" என்று முப்பிடாதி டீ ஆற்றுகிற கையை நிறுத்தாமலேயே பதில் சொன்னாள்.

சிறுத்தது என்றால் இளைத்தது என்று அர்த்தம் இல்லை. இளைத்திருந்தால் டாக்டரம்மாவுக்கு அதில் பாதிக் கஷ்டம்கூட இருந்திருக்காது, பேதியா, பூச்சியா, பால்மாவு ஒத்துக்கொள்ளவில்லையா என்று பார்த்து மருந்து கொடுத்திருப்பாள். அவள் அதையெல்லாம் பார்க்காமலும் இல்லை. சாணத்தை மூன்று முறை பரிசோதனைக்கு அனுப்பினாள், பால்மாவை இரண்டு முறை மாற்றினாள், கேழ்வரகுக் கஞ்சியைத் தன் கையாலேயே காய்ச்சினாள். குட்டி எல்லாவற்றையும் மடமடவென்று குடித்தது, குண்டாகத்தான் இருந்தது, வயிறு உருண்டுதான் இருந்தது, ஆனால் செங்கல் சூளை எடைமேடையில் வந்த அன்றைக்கு நூற்றி நாற்பத்தெட்டு கிலோ நின்ற முள், அடுத்த வாரம் நூற்றி முப்பத்தொன்றில் நின்றது, அதற்கடுத்த வாரம் நூற்றிப் பன்னிரண்டில் நின்றது. தையல்காரரிடம் நாடாவை வாங்கி வந்து அளந்தால் உயரம் குறைந்திருந்தது, காது குறைந்திருந்தது, வாலும் குறைந்திருந்தது, கால் நகங்கள்கூட அந்தந்தக் கணக்குக்குச் சரியாகக் குறைந்திருந்தன. அவளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்த பேராசிரியருக்கு போன் போட்டுச் சொன்னபோது, எடைமேடையை முதலில் சரிபார் அம்மா என்றார் அவர். எடைமேடைக்காரர் அதைக் கேட்டு ரோஷப்பட்டு, தானே ஏறி நின்று காட்டி, மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

எப்சிபாவுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். இத்தனை வருஷத்தில் தாயைப் பிரிந்து வந்த ஆறு யானைக்குட்டிகளைப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்திருக்கிறாள், ஆறில் ஒன்றுகூடக் காட்டுக்குத் திரும்பவில்லை, எல்லாம் ஏதாவது ஒரு முகாமில் காலில் சங்கிலியோடு கரும்பு தின்றுகொண்டிருக்கின்றன. அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. ஆனால் இந்தக் குட்டிக்குத் தாய் இருந்தாள். வாழைத் தோட்டத்துக் கிணற்றில் குட்டி விழுந்து, ஜேசிபியை வைத்துக் கரையை வெட்டி, வெடி போட்டுத் தாயை விரட்டிவிட்டுத்தான் அதை மேலே ஏற்றினார்கள். பின்னங்காலில் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டு, ஆறுவதற்கு ஏழு வாரம் ஆகும். தாய் போய்விடவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மையத்துக்குப் பின்னால் ஓடுகிற கல்லாற்றின் அக்கரையில் வந்து நின்றாள், ஒரு மணி நேரம் நின்றாள், போனாள். ஐப்பசி மழை இறங்கிக் கல்லாற்றில் வெள்ளம் வந்துவிட்டால் கூட்டம் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும், சித்திரைக்குத்தான் திரும்பும், அதற்குள் தாய்க்குப் பால் வற்றிவிடும். ஆகவே மழைக்கு முன்னால் கால் ஆற வேண்டும், குட்டி குட்டியாக இருக்க வேண்டும், ஆற்றைக் கடக்க வேண்டும். எப்சிபா அந்த வருஷம் கர்த்தரிடம் வேறு எதையுமே கேட்கவில்லை.

மையத்தில் ஒரு சட்டம் உண்டு, வாசலில் சிவப்புப் பெயிண்டில் அவளே எழுதி வைத்தது: தொடாதே, பெயர் வைக்காதே, பேசாதே. காட்டுக்குத் திரும்ப வேண்டிய ஜீவனுக்கு மனுஷ வாடையும் மனுஷக் குரலும் பழகிவிட்டால் அது மறுபடி ஊருக்குள்தான் வரும், வந்தால் அடிபட்டுத்தான் சாகும். அந்த வருஷத்தில் வந்த பதினேழாவது ஜீவன் என்பதால் கோப்பில் இந்தக் குட்டிக்குப் பெயர் பதினேழு, அவ்வளவுதான். ஊர் என்ன செய்தது? அந்தப் பதினேழையே பெயராக எடுத்துக்கொண்டது. "பதினேழு மக்களே", "ஏ பதினேழு ராசா", "எங்க பதினேழுத் தங்கம்" என்று கொஞ்சாத வாய் இல்லை, கீழத்தெருவில் பிறந்த ஒரு பிள்ளைக்கு வீட்டில் கூப்பிடுகிற பெயராகவும் அதை வைத்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் போகிற பாதை மையத்துக்கு நடுவில்தான் போனது, மையம் வருவதற்கு நூறு வருஷம் முந்திய பாதை, அதை மறித்து வேலி போட எந்த அதிகாரிக்கும் தைரியம் இல்லை. காலை பஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஒரு தடவை, மாலை பஸ்ஸில் இறங்குகிறவர்கள் ஒரு தடவை, கம்பிக்குள் கையை விட்டுத் தும்பிக்கையைத் தடவி, அந்தக் கையை அப்படியே தங்கள் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்துவிட்டுப் போனார்கள். பாறையடியில் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தடவாமல் நெட்டி முறிக்காமல் போகிறவளை மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்று பயப்படுகிற ஊர் அது. பத்து விரலும் சடசடவென்று முறிந்தால் நல்ல சகுனம், குட்டியைத் தடவினால் எல்லோருக்கும் பத்து விரலும் முறிந்தன.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை ஊரே இரண்டு வேன் பிடித்துப் பெருமாள் மலைக்குப் போயிற்று, மையத்துப் பராமரிப்பாளர் சொரிமுத்துவும் போய்விட்டார். எப்சிபா மட்டும் தொண்டை கட்டிப்போய், வாயிலிருந்து காற்றைத் தவிர ஒன்றும் வராமல், சுக்குக் கஷாயமும் தானுமாக இரண்டு நாள் தனியே இருந்து சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நின்று குழாய் வழியாகப் பால் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை எடைமேடை நூற்றி இருபத்து மூன்று காட்டியது. எடைமேடைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். எப்சிபா அங்கேயே செங்கல் மேல் உட்கார்ந்து தேதிகளையும் எடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள், எந்த நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஒருவர் தடவினால் ஒரு விரற்கடை. தொடத் தொடக் குட்டி சிறுக்கிறது.

இதை அவள் ஊரில் சொன்னபோது ஒருத்தராவது ஆச்சரியப்பட்டிருக்கலாம், பயந்திருக்கலாம், பைத்தியமா என்றாவது கேட்டிருக்கலாம். அவர்களுக்கு இதில் என்ன புதுசு என்றே புரியவில்லை. பாசம் வைத்தால் சிறுசாகத்தான் போகும் என்றார் தபால்காரர். முப்பிடாதி தன் மகனை உதாரணம் காட்டினாள், திருப்பூரில் நாற்பது பேருக்கு மேஸ்திரியாக இருக்கிறவன், லீவுக்கு வந்தால் அவள் மடியில் தலை மட்டுமா வைக்கிறான், முழுசாக அல்லவா அடங்கிப்போகிறான். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் இதில் அறிவியல் இருக்கிறது என்றார், என்ன அறிவியல் என்று மட்டும் சொல்லவில்லை. ஆகவே இனிமேல் யாரும் தொடக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதற்கு எல்லோரும் சரி சரி என்று தலையை ஆட்டினார்கள், ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் கடைசியாக ஒரு தடவை என்று தொட்டுவிட்டுப் போனார்கள். செவிடன் காதில் சங்கு ஊதினால் சங்குக்காவது மரியாதை கிடைக்கும். அவள் தகரம் அடித்தாள், தகரத்துக்குக் கீழே கையை விட்டார்கள். பூட்டுப் போட்டாள், சொரிமுத்துவிடம் சாவி இருந்தது. அவரைக் கேட்டால், "நான் தொடல டாக்டரம்மா, அதுதான் வந்து என் கையில முட்டிச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கம்பி இடைவெளியை விடக் குட்டி சிறிதாகிவிட்டது. யானைக்கென்று அடித்த கம்பி, நாய் அளவு இருக்கிற ஜீவனை அது என்ன செய்யும். காலையில் எப்சிபா வந்து பார்த்தால் கொட்டகையில் குட்டி இருக்காது, டீக்கடையில் பெஞ்சுக்கு அடியில் இருக்கும், ஆட்கள் கால் மேல் கால் போட்டுப் பேப்பர் படிப்பார்கள், குட்டி அவர்கள் செருப்பை ஒவ்வொன்றாக எடுத்து வாய்க்கால் பக்கம் கொண்டுபோய் வைக்கும். அவள் போய் நின்று, ஏ சனியனே, ஊரு சுத்துற மூதேவி, கால்ல புண்ணை வச்சிக்கிட்டு உனக்கு டீக்கடை கேக்குதோ என்று ஏசினால், காதை விசிறிக்கொண்டு அவள் பின்னாலேயே வரும், வழியில் பத்து பேர் அதைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஐப்பசி பிறந்தபோது பூனை அளவு. சந்தைக்குப் போகிறவர்கள் ஓலைப்பெட்டியில் வைத்து மினி பஸ்ஸில் கொண்டுபோனார்கள், கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை, தும்பிக்கையால் தன் விசிலை ஒரு தடவை ஊதக் கொடுத்தார். முன்னெல்லாம் ஆனை வளர்க்க ராஜாவாகப் பிறக்க வேண்டும், இப்போது பாறையடியில் வீட்டுக்கு வீடு வளர்க்கலாம் என்று ஊர் பெருமைப்பட்டது. வெளியூரில் பெண் கொடுத்திருந்தவர்கள் சம்பந்தி வீட்டுக்கு ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்கள்.

ரேஞ்சர் ஞானசிகாமணியிடம் முறையிட்டால் அவருக்கு அவர் கவலை. மாதாந்தர அறிக்கையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், யானை என்று போட்டு எடை ஏழு கிலோ என்று போட்டால் அது ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது. ஆகவே மேலிடத்தில் கேட்டு, குட்டியை முயல், கீரி அடங்கிய சிறு பாலூட்டிகள் பிரிவுக்கு மாற்றி உத்தரவு வாங்கிவிட்டார், யானைக் கொட்டகையைக் காலி செய்து ஒப்படைக்கவும் என்று எப்சிபாவுக்கு ஒரு கடிதமும் அனுப்பினார். அவள் அந்தக் கடிதத்தைக் கசக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். மேஜை மேல் ஃபேன் காற்றில் கோப்புகள் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் பதினேழு நின்றுகொண்டிருந்தது, ரேஞ்சர் ஒரு விரலால் அதன் முதுகைச் சொறிந்துகொண்டே, விதி விதிதான் மேடம் என்றார். அவள் குட்டியைக் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஐப்பசி ஐந்தாம் தேதி சமுதாயக் கூடத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. பதினேழு யார் வீட்டில் இருப்பது என்பதில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் பேச்சு முற்றி, கை கலப்பு வரை போய்விட்டதால், தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைக்கலாம் என்று தலைவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். குட்டி அப்போது உரித்த தேங்காய் அளவு, முப்பிடாதியின் உள்ளங்கையில் படுத்துத் தன் தும்பிக்கை நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு தூங்கியது. காலில் புண் பெரும்பாலும் ஆறித் தழும்பு ஒரு நூலளவு தெரிந்தது. எப்சிபா செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் வந்து நின்றாள். ஏசப் போகிறாள் என்று எல்லோரும் சவுகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவள் ஏசவில்லை.

"சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கரையில ஒருத்தி வந்து நிக்கா," என்றாள். "முப்பத்தாறு நாளா நிக்கா. மடியில இருந்து பால் சொட்டி அவ நிக்குத மண்ணு நனைஞ்சு கெடக்கு, நான் போய்ப் பாத்தேன். நாளைக்கு இதைக் கொண்டுபோய் அவகிட்ட விடுங்க. வாசம் பிடிச்சு, எம்பிள்ளைன்னு ஓடி வருவா. ஓடி வந்து மிதிப்பா. மிதிச்சதுகூட அவளுக்குத் தெரியாது. அதுக்குப் பெறகும் ஆறு மணிக்கு வந்து நிப்பா."

முப்பிடாதி உள்ளங்கையைப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள், பிறகு மெல்லக் குனிந்து குட்டியைத் தரையில் விட்டாள், கையை உடனே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் கீழத்தெரு போயிற்று, மேலத்தெரு போயிற்று, தலைவர் தீர்ப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். கூடத்தின் நடுவில் அந்தத் தேங்காய் அளவு ஜீவன் விழித்து, யாரும் இல்லாததைப் பார்த்து, ஊதல் மாதிரி ஒரு சத்தம் போட்டது.

அதற்குப் பிறகு ஊர் செய்த காரியம் லேசுப்பட்டது இல்லை, செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். குட்டி தெருவில் வந்தால் தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டது, வாசலில் கோலம் போடுகிறவள் சுவரைப் பார்த்தாள், பால் கறக்கிறவர் மாட்டையே பார்த்தார், பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள், பதினேழு ஒவ்வொரு கதவாகப் போய்த் தும்பிக்கையால் தட்டியது, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருத்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள், கடைசி வீடு வரை தட்டிவிட்டுத் திரும்பி முதல் வீட்டிலிருந்து மறுபடியும் தட்டியது. முப்பிடாதி கடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையைப் பின்னால் நீட்டிப் பால் சட்டியைத் தள்ளிவிட்டாள். அவள் இப்படி முதுகைக் காட்டிக்கொண்டே டீ போட்டதில் இரண்டு நாள் எல்லோரும் சர்க்கரை இல்லாமல் குடித்தார்கள், யாரும் கேட்கவில்லை. முதல் நாள் மாலை குட்டி பூனை அளவு ஆயிற்று, மூன்றாம் நாள் நாய் அளவு, ஐந்தாம் நாள் கன்றுக்குட்டி அளவு, ஆறாம் நாள் தட்டினால் கதவு பெயர்ந்தது. அன்றைக்குத் தெருவை வெறுத்துத் தானாகவே கொட்டகைக்கு வந்து படுத்துக்கொண்டது. எடைமேடை தொண்ணூற்றேழு காட்டியது. ஊர் அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் அந்தத் தொண்ணூற்றேழைத் தங்கள் பிள்ளை எடுத்த மார்க்கு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அதோடு நின்றுவிட்டது. மறுநாள் தொண்ணூற்றாறு. அதற்கு மறுநாள் தொண்ணூற்று நான்கு. மலை மேல் மேகம் கருத்துக் கட்டி நின்றது, இன்னும் நான்கு நாளில் மழை என்று வானொலி சொன்னது. எப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் ஒருத்தி இருபத்துநாலு மணி நேரமும் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறாள், கையில் உறையைப் போட்டுக்கொண்டு குழாயில் பால் கொடுக்கிறாள், ஒரு விரல் அதன் மேல் படவில்லை, பிறகு எப்படிக் குறையும்? யாரோ தொடுகிறார்கள். யார்? சாவி வைத்திருக்கிறவர்தான். அவள் சொரிமுத்துவைக் கூப்பிட்டு, பதினாலு வருஷமாகத் தன்னோடு வேலை பார்க்கிற மனுஷர் என்றும் பார்க்காமல், அண்ணாச்சி நீங்கள் நம்பிக்கைத் துரோகி என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயோடு குட்டி பக்கம் திரும்பி, நீயும் ஒரு எழவெடுத்தது, தாய் அங்கன நிக்கா, நீ இங்கன யாரு தடவுவான்னு பாத்துக்கிட்டுக் கெட, குடிச்சுத் தொலை முதல்ல என்று ஏசினாள்.

சொரிமுத்து உள்ளே போனார். தையல் நாடாவை எடுத்து வந்து தரையிலிருந்து குட்டியின் முதுகு வரை பிடித்தார், அவளைப் பார்க்கச் சொன்னார். அவள் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் அவர் அளந்து நாடாவில் மையால் குறித்திருந்த இடத்துக்கு, அவள் ஏசி முடித்த அந்த நேரத்துக்குள் முதுகு அரை விரல் கீழே இறங்கியிருந்தது.

"இத நான் நாலு நாளா பாக்கேன்," என்றார். "சொன்னா வருத்தப்படுவியன்னு சொல்லல. டாக்டரம்மா, இந்த மையத்துல எத்தனை ஜீவன் வந்திருக்கு. உடும்ப நீங்க ஏசுனது இல்ல. கரடிய ஏசுனது இல்ல. என்னையே இன்னைக்குத்தான் ஏசுதிய. இந்த ஒண்ணத்தான் விடிஞ்சதுல இருந்து அடையுத வரைக்கும் ஏசுதிய. பெருமாள் மலைக்கு நாங்க போயிருந்தப்ப உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, அன்னைக்குத்தான் அது வளந்துச்சு. ஊராவது கையால தொட்டுது."

எப்சிபா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு மகள், மெல்போர்னில் நர்ஸ், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி நலமெல்லாம் பேசி முடித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால், அம்மா கொஞ்சம் ஏசிட்டு வையேன் என்று கேட்பாள். அவளும் சோம்பேறி, தின்னு கெட்டவளே, தலைக்கு எண்ணெய் வைக்கியா இல்லையாட்டி என்று நாலு ஏச்சு ஏசிவிட்டு வைப்பாள். அந்த ஏச்சு என்னவென்று அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாமல் இல்லை, இங்கே கொட்டகையில் நின்று ஏசும்போது மட்டும் தெரியவில்லை. ஊரில் எல்லோரையும் விடத் தான்தான் சுத்தம் என்று நினைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது, அதைவிட எரிச்சலாக இருந்தது, மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்று சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு முட்டியது.

மறுநாள் விடிவதற்குள் ஒரு துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். குட்டி வந்து பார்த்தது. பால் சட்டியைக் கவிழ்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது, அவள் பேசாமல் கழுவி மறுபடி ஊற்றினாள். அவள் கால் மேல் ஏறி நின்றது, வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது, பேசவில்லை. அவள் செருப்பைக் கொண்டுபோய்ச் சாணத்தில் வைத்தது, எடைத் தாளைத் தின்றது, நாற்காலியைப் பின்னாலிருந்து முட்டி அவளைக் கீழே தள்ளியது, விழுந்தவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போனாள். வாய்க்குள் ஏச்சு வந்து வந்து முட்டியது, துண்டைக் கடித்து விழுங்கினாள், அப்படி விழுங்கி விழுங்கி அவளுக்குச் சோறே தேவைப்படவில்லை. குட்டி கோபத்திலேயே வளர்ந்தது. நூற்றிப் பத்து. நூற்றி முப்பது. மூன்றாம் நாள் எடைமேடை நூற்றி அறுபத்தொன்று காட்டியது, வந்த அன்றைக்கு இருந்ததை விடப் பதின்மூன்று கிலோ கூட. எடைமேடைக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அவள் துண்டைக் காட்டினாள், அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்றைக்கு மாலை மேலே மலையில் மழை இறங்கிவிட்டது, கல்லாறு கலங்கி முழங்காலுக்கு ஓடியது, இன்னும் ஒரு மணி நேரம் போனால் இடுப்புக்கு ஓடும். மனுஷ வாடை போக யானைச் சாணமும் ஆற்று மண்ணும் குழைத்து மூங்கில் தட்டியால் குட்டி மேல் பூசினார்கள், கை படவில்லை. எப்சிபா முன்னால் நடந்தாள், குட்டி பின்னால் வந்தது. ஆற்றங்கரைக்கு வந்தால் ஊர் முழுக்க அங்கே நிற்கிறது, முப்பிடாதி, தபால்காரர், ஹெட்மாஸ்டர், தலைவர், கைக்குழந்தைகள் வரை, அத்தனை பேரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நிற்கிறார்கள். பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயம். யாராவது ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டுமே என்று யோசித்து, யார் மேலும் பாசம் இல்லாத ஆள் ரேஞ்சர்தான் என்று ஊர் ஒருமனதாக முடிவெடுத்து அவரை மட்டும் ஆற்றைப் பார்க்க நிறுத்தியிருந்தது. எப்சிபா தண்ணீர் ஓரம் வரை போய், விலகி, அவளும் திரும்பி ஊர் வரிசையில் முதுகைக் காட்டி நின்றாள்.

"குட்டியானது ஆற்றில் இறங்கியுள்ளது," என்றார் ரேஞ்சர் தாழ்ந்த குரலில். "தாயானது அக்கரையில் புதருக்கு வெளியே வந்துள்ளது." அவர் எட்டிப் பார்த்தார். "குட்டியானது ஆற்றின் மையப் பகுதியில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கிறது." அவர் தொண்டையைச் செருமினார். "டாக்டர் மேடத்தைப் பார்க்கிறது. நகரவில்லை. நீர்மட்டம் உயர்கிறது."

எப்சிபாவுக்குத் தெரியும் அது எதற்கு நிற்கிறது என்று. போ சனியனே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருப்திப்பட்டுக்கொண்டு போய்விடும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அரை விரல் இறங்கும், ஆரம்பித்தால் ஒரு வார்த்தையோடு நிற்கிற வாய் அவளுக்குக் கிடையாது, ஓடுகிற தண்ணீரில் அது எந்த அளவுக்குப் போய் நிற்குமோ. அவள் துண்டுக்கு மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். முதுகு முழுக்கக் குட்டியின் பார்வை உறைத்தது. நாற்பத்தெட்டு வயசில் வாழ்க்கையில் இதை விடக் கஷ்டமான ஒன்றை அவள் செய்ததில்லை, பிரசவம் உள்பட. பக்கத்தில் முப்பிடாதி நெட்டி முறிக்கப் போன கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நகர்கிறது," என்றார் ரேஞ்சர். "முன்னங்கால் வைத்துள்ளது. ஒரு இடத்தில் வழுக்கி எழுந்துள்ளது. கரையேறிவிட்டது." என்ன ஆச்சு என்று சொரிமுத்து கேட்டார், தலைவர் கேட்டார், அவர் பேசவே இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது. எப்சிபா பொறுக்க முடியாமல் திரும்பினாள், அவளைப் பார்த்து ஊரும் திரும்பியது.

அக்கரையில் தாய் தும்பிக்கையை நீட்டிக் குட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். பூசிய மண்ணெல்லாம் உதிர, நெற்றியிலிருந்து முதுகு, முதுகிலிருந்து வால், வயிற்றுக்கு அடியில், தழும்பு மேல், வாய்க்குள், காதுக்குப் பின்னால் என்று ஒரு இடம் விடாமல், நாற்பத்தாறு நாளுக்கும் சேர்த்துத் தடவினாள். பாறையடிக்காரர்களுக்கு ஒவ்வொரு தடவலும் எத்தனை விரற்கடை என்று கண்ணாலேயே தெரியும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். குட்டி அப்படியேதான் நின்றது. தாய் தடவினாள், தடவினாள், அது ஒரு நூலளவுகூடக் குறையவில்லை, அவள் மடியைத் தேடி முட்டி வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கியது. குடித்து முடித்ததும் தாயும் பிள்ளையும் புதருக்குள் போனார்கள், மூங்கில் அசைந்தது, பிறகு அசையவில்லை.

எப்சிபா துண்டை அவிழ்த்தாள். மூன்று நாளாகப் பேசாத தொண்டை கரகரத்தது.

"பாத்தியளா அண்ணாச்சி," என்றாள் சொரிமுத்துவிடம், எரிச்சலோடு, கண்ணீரைத் துடைக்கக்கூடச் செய்யாமல். "அவ தொட்டா மட்டும் ஒண்ணும் ஆக மாட்டேங்கு."